குமரியில மூணு நாள் நடக்கணும்னா எந்தப் பக்கம்: மலையோரமா, வயக்காடா, கடக்கரையா?

டிசம்பர் லீவோ பொங்கல் லீவோ நெருங்குனா போதும், சென்னையில இருக்க சொந்தக்காரங்க, முன்னாடி கூட வேலை பாத்தவங்கன்னு யாராவது ஒருத்தர் போன் போட்டு "உங்க ஊர்ல மூணு நாள் நடந்தே சுத்துற மாதிரி ஒரு பிளான் சொல்லுங்களேன்"னு கேப்பாங்க. கேட்டுட்டு லிஸ்டும் அவங்களே வாசிப்பாங்க, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு, தொட்டிப்பாலம், சுசீந்திரம், முட்டம், வட்டக்கோட்டை, எல்லாத்தையும் ஒரே நூல்ல கோத்து நடக்கணுமாம். மேப்ல பாத்தா எல்லாம் பக்கத்துல பக்கத்துல தான் தெரியும். நடந்தா தான் தெரியும், ஒரு பக்கம் ரப்பர் தோட்டம், ஒரு பக்கம் நெல்லு, ஒரு பக்கம் கடல், மூணும் மூணு நாடு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பாக்க வேண்டிய இடத்தை வச்சு வழியை முடிவு பண்ணாதீங்க. நாகர்கோவில்ல ரூம் போட்டா இந்த மாவட்டத்துல அனேகமா எல்லா இடத்துக்கும் பஸ்ல போயிட்டு சாயங்காலம் திரும்பிரலாம். அப்புறம் எதுக்கு நடக்கணும்? ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவுல ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கு பாருங்க, அந்த ஏழெட்டு தான் உங்க ஹாலிடே. அது நிழலா வெயிலா, வாய்க்காலா லாரியான்னு பாத்து வழியை எடுங்க.

## எதை வச்சு எடை போடுறது

முதல்ல நிழல். ரெண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம், பச்சைக்கு குறைச்சல் இல்ல, அதனால எப்பவும் குளுகுளுன்னு இருக்கும்னு வெளியூர்க்காரங்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆனா காத்துல ஈரம் ஜாஸ்தி, டிசம்பர்லயே பத்தரை மணிக்கு மேல வெட்டவெளியில நடந்தா சட்டையைப் பிழியலாம். காலையில வெளிச்சம் வந்ததும் கிளம்பி பத்து பத்தரைக்குள்ள ஒரு நடை, நாலு மணிக்கு மேல ஆறு வரைக்கும் இன்னொரு நடை, அவ்வளவு தான் ஒரு நாளைக்கு. பன்னெண்டு பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல போட்டா அது லீவு இல்ல, வேண்டுதல்.

ரெண்டாவது வண்டி. நம்ம ரோட்டுல நடக்கறவங்களுக்குன்னு இடம் கிடையாது, வெள்ளைக்கோட்டுக்கு வெளிய ஒரு முழம், அதுலயும் புல்லு, கல்லு, யாராவது நிறுத்துன பைக். கேரளாவுக்கு கல்லும் எம்-சாண்டும் ஏத்திட்டுப் போற டாரஸ் லாரி வர்ற ரோடுன்னா காட்சி எவ்வளவு அழகா இருந்தாலும் நான் அந்த ரோட்டை வெட்டிருவேன். தார்ப்பாய் மூடாம வந்தா கண்ணுல மண்ணு, வளைவுல வந்தா நீங்க ஓடைக்குள்ள இறங்கணும்.

மூணாவது ராத்திரி எங்க படுக்கறது. ஊரும் ஊரும் ஒட்டிக்கிட்டு கிடக்கற மாவட்டம், பத்து நிமிஷம் நடந்தா ஒரு சாயாக்கடை வந்துரும், பட்டினி கிடக்க மாட்டீங்க. ஆனா தங்கறதுக்கு நாகர்கோவில், கன்னியாகுமரி, தக்கலை, மார்த்தாண்டம், அப்புறம் திற்பரப்பு பக்கம் கொஞ்சம், முட்டம் பக்கம் கொஞ்சம். மத்த இடத்துல "லாட்ஜ் எங்க இருக்கு"ன்னு கேட்டா பஸ் ஸ்டாண்டைக் காட்டுவாங்க.

நாலாவது, பாதியில கால் கொப்புளம் விட்டா பஸ் ஏற முடியுமா. அஞ்சாவது, கூட பொம்பளைங்க வந்தா டாய்லெட். இதை யாரும் பிளான்ல எழுத மாட்டாங்க, ஆனா மூணாவது மணிநேரத்துல இது தான் முதல் பிரச்சினையா நிக்கும்.

அப்புறம் சீசன். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணையில வழக்கமா ஜூன்ல தண்ணி திறந்தா பிப்ரவரி கடைசி வரைக்கும் ஓடும். அதுக்கப்புறம் வாய்க்கால் எல்லாம் காஞ்சு சேறு தான். இங்க அதை வாய்க்கால்னு சொன்னாலும் பேச்சுல சானல் தான், அனந்தனாறு சானல், தோவாளை சானல், பட்டணங்கால் சானல்னு. குமரியில நடக்கறதுக்கு கடவுள் குடுத்த பாதை இந்த சானல் கரை. லாரி வராது, ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் தென்னை, நடுவுல ஜீப் போற அகலத்துக்கு மண்ணோ காங்கிரீட்டோ. குளிக்கிறவங்க, துணி துவைக்கிறவங்க, வாத்து. நான் எந்த வழியைச் சொன்னாலும் அதுல சானல் கரை எவ்வளவு இருக்குன்னு தான் முதல்ல பாப்பேன். ஒரே ஒரு ஜாக்கிரதை, குளிக்கிற கடவுல நின்னு போட்டோ எடுக்காதீங்க, நல்லா கேப்பாங்க.

## மேற்கே: மலையோர வழி

கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு தாலுகா. சுருக்கமா வழி இது: மார்த்தாண்டத்துல இருந்து சிதறால் வரைக்கும் பஸ்ஸோ ஆட்டோவோ, மலை ஏறி இறங்கி அருமனை, களியல் வழியா திற்பரப்பு, முதல் நாள் முடிஞ்சுது. ரெண்டாவது நாள் குலசேகரம், திருநந்திக்கரை, அங்கிருந்து திருவட்டாறு, மாத்தூர் தொட்டிப்பாலம். மூணாவது நாள் பொன்மனை, பன்னிப்பாகம், பத்மநாபபுரம், உதயகிரி கோட்டை, தக்கலை. இது மொத்தத்தையும் நடக்கணும்னு இல்ல, குலசேகரம் ஜங்ஷனை ஒட்டுன பிட்டுல பஸ் ஏறிடுங்க.

சரித்திரம் வேணும்னா இதை அடிக்க மத்த ரெண்டாலயும் முடியாது. சிதறால்ல ஒன்பதாம் நூற்றாண்டு சமணச் சிற்பங்க, பாறை முகத்துல தீர்த்தங்கரர்கள் வரிசையா உக்காந்திருப்பாங்க, பதிமூணாம் நூற்றாண்டு வாக்குல அது பகவதி கோயிலா மாறிருச்சு, ரெண்டும் இப்ப ஒரே பாறைக்கு அடியில. மேல நின்னு பாத்தா தென்னையும் ரப்பரும் தவிர வீடே இல்லாத மாதிரி இருக்கும், உண்மையில அதுக்கடியில வீடு தான் வீடு. திருநந்திக்கரையில பாறையைக் குடைஞ்ச சிவன் கோயில், சுவத்துல பழைய ஓவியம் மிச்சம் மீதி இருக்கு. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் 22 அடிக்கு படுத்திருக்கார், மூணு வாசல் வழியா தான் முழுசா பாக்கணும், நானூறு வருஷத்துக்கு மேல நடக்காம கிடந்த கும்பாபிஷேகம் 2022 ஜூலையில நடந்துச்சு. மாத்தூர் தொட்டிப்பாலம் 1966ல கட்டுனது, 115 அடி உசரம், 1240 அடி நீளம், 28 தூண். பரளியாறு கீழ போகுது, பட்டணங்கால் தண்ணி மேல தொட்டியில போகுது, நீங்க அந்தத் தொட்டியை ஒட்டி ஒரு ஆள் ஒதுங்கி நடக்கற அகலத்துல கைப்பிடிச்சுவரைப் பிடிச்சுக்கிட்டு. உசரம்னா பயப்படறவங்க பாலத்துக்கு அடியில போற படிக்கட்டு வழியா ஆத்தங்கரைக்கு இறங்கி நிமிந்து பாருங்க, எனக்கு அந்தப் பார்வை தான் பிடிக்கும்.

நிழல் விஷயத்துல ஒரு உள்ளூர் சூட்சுமம் இருக்கு. ரப்பர் தோட்டம்னா எப்பவும் நிழல்னு நினைச்சுட்டு வருவாங்க. ரப்பர் மரம் மார்கழி, தை வாக்குல இலையை உதிர்த்திரும், மாசியில தான் தளிர் வரும். ஜனவரி கடைசியில போனீங்கன்னா தலைக்கு மேல குச்சி குச்சியா வானம், காலுக்கடியில சருகு, வெயில் நேரா மண்டையில. அதனால இந்த வழிக்கு டிசம்பர் நடுப்பகுதி வரைக்கும் நல்லது, இல்லன்னா தளிர் வந்த பிறகு. தளிர் வர்ற அந்தச் சமயம் தான் தேன் சீசன், தோட்டத்துக்குள்ள மரத்தடியில தேனீப் பெட்டியா வரிசையா வச்சிருப்பாங்க, ஒதுங்கிப் போங்க. விடிகாலையில நடந்தா நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு பால் வெட்டுற ஆளுங்களைப் பாக்கலாம், மரத்துல சாய்வா ஒரு கீறல், கீழ சிரட்டையில சொட்டு சொட்டா பால், பக்கத்துல போனா ஒரு புளிச்ச வாடை. அந்த நேரம் அவங்களுக்கு வேலை நேரம், நின்னு பேச்சுக் குடுத்தா பதில் சொல்லுவாங்க ஆனா கை நிக்காது.

இந்த வழிக்கு இன்னொரு பேரும் இருக்கு, சிவாலய ஓட்டம். மகா சிவராத்திரிக்கு முன்னால முஞ்சிறை திருமலையில ஆரம்பிச்சு திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிகோடுன்னு ஓடி திருநட்டாலத்துல முடிப்பாங்க, பன்னெண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல, கையில விசிறி, வாயில "கோவிந்தா, கோபாலா". சிவன் கோயிலுக்கு ஓடிக்கிட்டு கோவிந்தான்னு கூப்பிடறது ஏன்னு கேட்டா பீமனையும் புருஷாமிருகத்தையும் வச்சு ஒரு கதை சொல்லுவாங்க, வழியில யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. அந்த நேரத்துல வந்து நடக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. வரலாம், வழியெல்லாம் மோர், பானகம், கஞ்சி குடுப்பாங்க, வழி கேக்கவே வேண்டாம், கூட்டத்தோட போனா போதும். ஆனா ராத்திரி பூரா நடை, பைக்கும் வேனும் கலந்து போற கூட்டம், அது விரதம், ஹாலிடே இல்ல. நிம்மதியா பாக்கணும்னா வேற நாள்ல இதே வழியில பாதியை மட்டும் எடுங்க.

கண்ணுக்குத் தெரியாத செலவு என்னன்னா நேரம். இந்தப் பன்னெண்டுல பல கோயில் சின்ன ஊர்க் கோயில், காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் தான் நடை திறந்திருக்கும். திருவட்டாறும் மதியம் அடைச்சா சாயங்காலம் தான். நீங்க நடக்கற நேரமும் கோயில் திறக்கற நேரமும் ஒண்ணு, அதனால ஒரு கோயிலை உள்ள போய்ப் பாக்கணும்னா ஒரு நடையை விடணும். ஆம்பளைங்க சட்டையைக் கழட்டணும், ஒரு வேட்டி பையில இருந்தா எங்கயும் திரும்பி வர வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனை திங்கக்கிழமை லீவு. தமிழ்நாட்டுக்குள்ள இருந்தாலும் அதைப் பாத்துக்கறது கேரளா தொல்லியல் துறை, அதனால அவங்க லீவு நாளையும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க. உள்ள செருப்பு கிடையாது, மூணு நாள் ஷூவுக்குள்ள வெந்த காலுக்கு அந்தக் கறுப்புத் தரை, கண்ணாடி மாதிரி வழவழன்னு ஜில்லுன்னு, அதுக்காகவே இதைக் கடைசி நாள் வையுங்க.

இன்னொண்ணு, ஏத்த இறக்கம். மேப் சொல்ற கிலோமீட்டரை நம்பாதீங்க, இந்தப் பக்கம் ஒரு ரோடு கூட சமமா போகாது, பள்ளத்துல ஓடை, மேட்டுல வீடு, மறுபடி ஓடை. முட்டுவலி உள்ளவங்க யோசிச்சுக்கோங்க. மழை நேரத்துல தோட்டத்துக்குள்ள அட்டையும் உண்டு.

## கிழக்கே: நாஞ்சில் நாட்டு வயல் வழி

ஆரல்வாய்மொழி ஸ்டேஷன்ல ரயிலை விட்டு இறங்கி நடக்க ஆரம்பிச்சிரலாம், இது ஒரு பெரிய சவுகரியம். தோவாளை, தாழக்குடி, நேரம் இருந்தா பூதப்பாண்டி, திருப்பதிசாரம், ராத்திரிக்கு நாகர்கோவில். மறுநாள் சுசீந்திரம், தேரூர். மூணாவது நாள் மருந்துவாழ்மலை, சுவாமித்தோப்பு, வட்டக்கோட்டை. மொத்தமும் தரை மட்டம், மலை ஏறுற அந்த ஒரு காலை தவிர.

மூணு வழியில நான் அதிகமா சிபாரிசு பண்றது இது தான், காரணம் சிம்பிள், சானல் கரையும் வயல் வரப்பும் இங்க தான் ஜாஸ்தி. கும்பப்பூ நெல்லு, அதாவது மாசியில அறுக்கிற போகம், டிசம்பர் ஜனவரியில பச்சைப்பசேல்னு நிக்கும், பின்னால வேளிமலை, தாடகைமலை நீலமா, நடுவுல குளம் குளமா தண்ணி. மாசி பிறந்துட்டா அறுவடை, அப்ப வர்றவங்க பச்சையைத் தேடாதீங்க, ஆனா வைக்கோல் வாசம் கிடைக்கும். சுசீந்திரம், தேரூர் குளங்க 2022ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல வந்திருக்கு. பனிக்காலத்துல கூழைக்கடா, வெளியூர் வாத்து, நீலத் தாழைக்கோழி எல்லாம் ரோட்டுல நின்னே பாக்கலாம், காலையில ஏழு மணிக்குள்ள போயிருங்க, அதுக்கப்புறம் ஹாரன் சத்தம்.

தோவாளை பூச்சந்தைக்கு வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே போகணும். பிச்சி, மல்லி, கேந்தி, அரளின்னு சாக்கு சாக்கா கொட்டி எடை போடுறாங்க, நம்ம காலு நிக்கறதுக்கு இடம் பாத்து நிக்கணும், ஒம்போது மணிக்கு மேல போனா மிதிபட்ட பூ தான் மிச்சம். ஆரல்வாய்மொழி பக்கத்துல காற்றாடிமலை, கிறிஸ்தவரா மாறுன தேவசகாயம் பிள்ளையை 1752ல சுட்ட இடம், 2022 மே மாசம் புனிதர் பட்டம் குடுத்தப்புறம் கூட்டம் ஜாஸ்தி. பூதப்பாண்டி ஜீவா பிறந்த ஊர், தேரூர் கவிமணி பிறந்த ஊர், திருப்பதிசாரம் நம்மாழ்வாரோட அம்மா ஊர்னு சொல்றது. சுசீந்திரத்தைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஆனா தெப்பக்குளத்துப் படியில சாயங்காலம் அரை மணி நேரம் சும்மா உக்காருங்க.

மருந்துவாழ்மலைக்கு காலையில ஆறு மணிக்கு கீழ நிக்கணும். நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை மேல இருக்கு, உச்சியில இருந்து ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கரண்ட் எடுக்கற காத்தாடி. குரங்கு உண்டு, கையில கவர் தொங்கவிடாதீங்க. மழை பெஞ்ச மறுநாள் பாறை வழுக்கும்.

குறை என்னன்னா நிழல் இல்ல. வயலுன்னா வெயில் தானே. ஒம்போதரைக்கு மேல வரப்புல நிக்க முடியாது, அதனால இந்த வழியில காலை நடையை ரொம்ப சீக்கிரம் ஆரம்பிக்கணும், சோம்பேறிகளுக்கு ஆகாது. நாலுவழிச் சாலை குறுக்க போகுது, ரெண்டு மூணு இடத்துல அதைத் தாண்டியே ஆகணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆரல்வாய்மொழி கணவாயில காத்து ஆளைத் தள்ளும், அதனால தானே முப்பந்தல்ல அத்தனை காத்தாடி. குடை விரிச்சா குடை போயிரும்.

மறைமுகச் செலவு கன்னியாகுமரி லாட்ஜ். கார்த்திகை ஒண்ணுல இருந்து மகரவிளக்கு வரைக்கும் ஐயப்ப சாமிங்க சபரிமலை போயிட்டு நேரா கன்னியாகுமரி வந்து இறங்குவாங்க, ரூம் வாடகை நம்ம சொல்ற விலை இல்ல, அவங்க சொல்ற விலை. நம்ம நல்ல சீசனும் அதே தான். அதனால மூணு ராத்திரியும் நாகர்கோவில்லயே தங்கிட்டு பஸ்ல போய் விட்ட இடத்துல இருந்து நடங்க. பையையும் தூக்க வேண்டாம், இந்த வழியில மட்டும் தான் இது சுலபம். சாயங்காலம் வந்து ரசவடை சாப்பிட்டுட்டு படுத்துரலாம்.

## தெக்கே: கடக்கரை வழி

எல்லாரும் முதல்ல ஆசைப்படறது இது. கன்னியாகுமரியில இருந்து கோவளம், மணக்குடி, சொத்தவிளை, முட்டம், கடியபட்டணம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல். பேரைக் கேட்டாலே அலைச்சத்தம் கேக்கும். நான் தயங்கித் தான் சொல்லுவேன்.

மணல்ல நடந்தே போயிரலாம்னு நினைக்காதீங்க. பல ஊர்ல கடலரிப்புக்கு கருங்கல்லைக் கொட்டி சுவர் வச்சிருக்காங்க, கடலுக்குள்ள கல்லைக் கொட்டி நீட்டுன தூண்டில் வளைவு குறுக்க வரும், ஆறு கடல்ல சேர்ற பொழிமுகம் வரும், ஒவ்வொரு தடவையும் மேல ஏறி ஊருக்குள்ள புகுந்து வரணும். மணல் இருக்க இடத்துலயும் சரிவு மணல், ஒரு கால் மேல ஒரு கால் கீழ, ரெண்டு கிலோமீட்டர்ல இடுப்பு பேசும். நிழல்னா வள்ளத்து (மீன்பிடி படகு) நிழல் தான்.

இன்னொரு ஆபத்து கள்ளக்கடல். காத்தும் இருக்காது மழையும் இருக்காது, எங்கயோ தெக்க தூரத்துல புயலடிச்ச அலை இங்க வந்து திடீர்னு கரையேறும். 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்சுல பயிற்சி டாக்டர்ங்க அஞ்சு பேர் போனது அப்படித்தான். கடல் நிலவரம் சொல்ற மத்திய அரசு மையம் இன்காய்ஸ் எச்சரிக்கை விட்டா பேப்பர்லயும் போன்லயும் வரும், அன்னைக்கு கடல் பக்கம் நடையே வேண்டாம். மத்த நாள்லயும் ஊர்க்காரங்க "அங்கன நிக்காதிய"ன்னு சொன்னா ஏன்னு கேக்காம ஏறி வந்துருங்க.

அப்ப இதை யாரு எடுக்கலாம்? மனுஷங்களைப் பாக்கணும்னு வர்றவங்க. காலையில வள்ளம் கரையேறி ஏலம் போடற நேரத்துல முட்டத்துல நின்னா போதும், விரல்ல கணக்கு காட்டி ஒரு கூடை சாளை மீன் அரை நிமிஷத்துல கை மாறும், என்ன விலைக்கு போச்சுன்னு நமக்குப் புரியறதுக்குள்ள அடுத்த கூடை. ஞாயித்துக்கிழமை இதெல்லாம் இருக்காது, பூசை முடியற வரைக்கும் ஊரே கோயில்ல, அதாவது சர்ச்சுல, கடையும் அடைச்சிருக்கும். கிறிஸ்துமஸ் வாரம்னா ஒவ்வொரு ஊர்லயும் குடிலும் நட்சத்திரமுமா ராத்திரி பகலா இருக்கும், அந்த ஒரு வாரத்துக்கு என் தயக்கத்தை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா டிசம்பர் 26 அன்னைக்கு நிலைமை வேற. 2004ல மணக்குடி பாலமே அடிச்சுட்டுப் போச்சு, குளச்சல், மணக்குடி, கொட்டில்பாடு பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு இழப்பு, அன்னைக்கு கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டு போவாங்க. அந்த நாளு டூரிஸ்டா அங்க நிக்க வேண்டாம்.

மணவாளக்குறிச்சி பக்கம் மணல்ல கறுப்புக் கோடு ஓடும், மோனசைட், இல்மனைட்டு கலந்த மணல், அதைப் பிரிக்கறதுக்கு ஒரு அரசு ஆலையே இருக்கு. குளச்சல்ல 1741ல மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரங்களைத் தோக்கடிச்சதுக்கு ஒரு வெற்றித்தூண். அந்தச் சண்டையில பிடிபட்ட டிலனாய் தான் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி உதயகிரி கோட்டையில 1777ல செத்தார், கல்லறையில லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கு. வட்டக்கோட்டையைப் பலப்படுத்துனதும் அவர் தான். ஆக நீங்க எந்த வழியை எடுத்தாலும் அந்த ஆளு ஒரு இடத்துல குறுக்க வருவார்.

டாய்லெட் இந்த வழியில தான் ரொம்பக் கஷ்டம். பீச்சுன்னு போர்டு வச்ச இடத்துல இருக்கும், திறந்திருக்கணும். தங்கறதுக்கு முட்டம் பக்கம் இருக்கு, ஆனா வார இறுதியில விலை ஏறிரும். சாப்பாடு மட்டும் குறை சொல்ல முடியாது, மரச்சீனி மயக்குனதும் (மசிச்ச மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் கிடைக்காத ஊரே இல்ல.

## காட்டுக்குள்ள போலாமான்னு கேக்கறவங்களுக்கு

கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறைக்கு மேல. அது 2008ல வனவிலங்கு சரணாலயம் ஆயிருச்சு, யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை அனுமதிக்கிற இடத்துக்கு அவங்க சொல்ற நேரத்துல போயிட்டு வரலாம், மூணு நாள் நடைன்னு சொந்தமா பிளான் போட முடியாது. யாராவது லோக்கல் ஆள் "நான் கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னாலும் வேண்டாம்.

## ஒரு பார்வையில

| | மலையோரம் | வயல் | கடக்கரை |
|---|---|---|---|
| நிழல் | நல்லா இருக்கும், மார்கழி, தை தவிர | குறைவு | இல்லவே இல்ல |
| ஏத்த இறக்கம் | ஜாஸ்தி | சமதரை, ஒரே ஒரு மலை | மணல் சரிவு |
| வண்டித் தொல்லை | ஜங்ஷன் பக்கம் மோசம் | நாலுவழிச் சாலை தாண்டுற இடம் மட்டும் | ஊர் ரோடு, பரவாயில்ல |
| தங்கல் | திற்பரப்பு, தக்கலை, மார்த்தாண்டம் | நாகர்கோவில் ஒண்ணே போதும் | முட்டம், கன்னியாகுமரி |
| பாதியில பஸ் | மெயின் ரோட்டுக்கு வந்தா உண்டு | எப்பவும் | உண்டு, கொஞ்சம் காக்கணும் |
| நல்ல மாசம் | டிசம்பர் பாதி வரை, மறுபடி மாசி | டிசம்பர், ஜனவரி | கிறிஸ்துமஸ் வாரம், ஜனவரி |
| எதிர்பாராத செலவு | கோயில் நேரம், ராத்திரி ஆட்டோ | சபரிமலை சீசன் வாடகை | வார இறுதி வாடகை, ஒரு நாள் வீணாகலாம் |

## யாருக்கு எதைச் சொல்லுவேன்

அப்பா அம்மாவோட வர்றீங்களா, யோசிக்காம வயல் வழி. அவங்களுக்கு முடியலன்னா பஸ்ல ஏத்தி விட்டுட்டு நீங்க நடந்து வாங்க. பொம்பளைங்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல டிக்கெட்டே கிடையாது, அதனால அம்மா நடக்கலன்னா செலவும் இல்ல.

ரெண்டு மூணு பேர் நல்லா நடக்கக் கூடியவங்க, பழைய கல்லு, சிற்பம், கோட்டைன்னா உயிர், அப்ப மலையோரம். முழுசா மூணு நாளும் போடுங்க, ஒரு நாள்ல எல்லாத்தையும் பாக்கலாம்னு கார் வச்சு ஓடாதீங்க. இந்த வழியில மட்டும் பை பெரிய தலைவலி, ஏன்னா ராத்திரி தங்கற ஊர் மாறிக்கிட்டே இருக்கும். ஒண்ணு எல்லாத்தையும் அஞ்சு கிலோவுக்குள்ள அடக்குங்க, இல்லன்னா தக்கலையில ரூம் போட்டு திற்பரப்புல ஒரு ராத்திரியை மட்டும் தனியா வச்சுக்கோங்க. குலசேகரம் தாண்டி உள்பகுதியில இருட்டுன பிறகு பஸ் குறைஞ்சிரும், ஆட்டோக்காரர் திரும்பி காலியா வரணுமேன்னு அதுக்கும் சேத்து கேப்பார், அவர் கேக்கறதும் நியாயம் தான்.

தனியா வர்ற பொண்ணுங்க கேட்டா நான் வயல் வழியும், மலையோரத்துல பகல் பகுதியும் சொல்லுவேன். ரப்பர் தோட்டத்துக்குள்ள குறுக்குவழி வேண்டாம், பயமுறுத்தலை, வழி தவறுனா கேக்கறதுக்கு ஆள் இருக்காது, எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும். ஊர் ரோட்டுல பிரச்சினை இல்ல, ஒவ்வொரு திண்ணையில இருந்தும் விசாரிப்பு தான். "எங்க மக்கா போறிய? என்னத்துக்கு நடக்கிய, பஸ்ஸு இப்ப வருமே"ன்னு ஒரு பாட்டி கேட்டா, சும்மா நடக்கறோம்னு சொல்லாதீங்க, நம்ப மாட்டாங்க. கோயிலுக்குன்னு சொல்லுங்க, உடனே வழியும் வரும், குடிக்க தண்ணியும் வரும்.

ஒரே ஒரு நாள் தான் இருக்குன்னா மூணையும் விடுங்க. காலையில தக்கலையில இறங்கி பத்மநாபபுரம் கோட்டைக்குள்ள நடந்து கல்குளம் நீலகண்டசுவாமி கோயில், அரண்மனை, அங்கிருந்து மேலாங்கோடு, புலியூர்க்குறிச்சி, உதயகிரி கோட்டை. புலியூர்க்குறிச்சியில தேவசகாயம் பிள்ளை முழங்கையால இடிச்சு தண்ணி வந்ததா சொல்ற முட்டிடிச்சான் பாறையும் இருக்கு. பெரிய தூரம் இல்ல, சாயங்காலம் நாகர்கோவில்ல ரயில் பிடிச்சிரலாம்.

கடக்கரையை விட மனசே வரலைன்னா அதை முழு வழியா எடுக்காம வயல் வழியோட கடைசி நாளை மாத்திக்கோங்க, மருந்துவாழ்மலையை விட்டுட்டு சுசீந்திரத்துல இருந்து மணக்குடி வரைக்கும் பழையாத்தை ஒட்டி இறங்குங்க. ஆறு கடல்ல சேர்ற இடம், உப்பளம், கண்டல் காடு (மாங்குரோவ்) எல்லாம் ஒரே நாள்ல வந்துரும், திரும்பி வர பஸ்ஸும் உண்டு.

பையில என்ன வைக்கணும்னு கேக்கறவங்களுக்கு: ஒரு வேட்டி இல்லன்னா துப்பட்டா, தொப்பி, ஒரு லிட்டர் தண்ணி போதும் வழியில நிரப்பிக்கலாம், ரெண்டு ஜோடி காட்டன் சாக்ஸ், சின்ன டார்ச். பழம் வாங்கிட்டு வராதீங்க, இங்க வழியெல்லாம் ஏத்தன், செந்துளுவன், மட்டின்னு வாழைப்பழமா தொங்கும், மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, தோலு மெல்லிசு, பையில வச்சா ஒரு மணி நேரத்துல கூழாயிரும், கடையில நின்னே தின்னுட்டு நடங்க.